மினிட்ஸ் எழுதுகிறவள் பேசக்கூடாது

பினாங்கவான் நகர்மன்றத்தில் திங்கட்கிழமை தவறாமல் சண்டை நடக்கும். வெளியூர்க்காரர் யாராவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், உள்ளே பதினோரு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார். எங்கள் இலோய்லோ பக்கத்து ஹிலிகாய்னோன் மொழி அப்படி. நாசமாய்ப் போ என்பதைக்கூட நாங்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்தான் சொல்வோம். குரலை வைத்துக் கோபத்தை எடை போடுகிறவன் ஏமாந்துதான் போவான். பேசுகிறவர் கடைசியில் என்ன கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். லுதிவினா பார்கோன், எங்களுக்கு லுடி, பதினாறு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை, மன்றக் கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவது. பேச்சு ஹிலிகாய்னோனில் நடக்கும், மினிட்ஸ் இங்கிலீஷில் இருக்க வேண்டும். யார் வைத்த வழக்கமோ, இன்றுவரை யாரும் மாற்றவில்லை. உறுப்பினர்களோ ஒன்றையும் முழுதாகச் சொல்லி முடிக்கிற ஜாதி இல்லை. பாலம் என்பார்கள், போன மழை என்பார்கள், மேயருடைய மச்சான் என்பார்கள், அதோடு காபியை எடுத்துக் குடிப்பார்கள். இந்தத் துண்டுகளைப் பொறுக்கி, இதில் எது காரணம், எது நிபந்தனை, எது வெறும் சாக்கு என்று பிரித்து, வாக்கியமாக ஒட்டிக் கொடுப்பது லுடியின் பாடு. அடுத்த திங்கட்கிழமை அதை வாசித்துப் பார்த்துவிட்டு, நாம் இவ்வளவு புத்திசாலித்தனமாகவா பேசினோம் என்று அவர்களே அசந்துபோவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மினிட்ஸ் எழுதுகிறவர் அவையில் வாய் திறக்கக்கூடாது. உறுப்பினர் அல்லாதவர் யாராக இருந்தாலும், அவைத் தலைவர் பெயர் சொல்லி அனுமதித்தால்தான் எழுந்து பேசலாம். லுடியை யாரும் அனுமதித்ததில்லை, அனுமதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. சந்தைக்கட்டட ஒப்பந்தம் எந்த வருஷம் போட்டது என்று ஒருமுறை ஒரு மணிநேரம் அடித்துக்கொண்டார்கள். வருஷம், தேதி, அன்று என்ன பலகாரம் என்பதுவரை அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, "தேதி குறித்து உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

இத்தனைக்கும் அவள் நிரந்தர ஊழியர் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு காகிதம், அதில் கையெழுத்து விழுந்தால் வேலை, விழாவிட்டால் வீடு. நிரந்தரமாக வேண்டுமென்றால் அரசுப் பணித் தகுதித் தேர்வில் எண்பது மதிப்பெண் வாங்க வேண்டும். லுடி ஆறு தடவை எழுதியிருந்தாள். கடைசி இரண்டு தடவை எழுபத்தெட்டு, எழுபத்தேழு. கணக்கில் அவளை அசைக்க முடியாது, பொது அறிவில் அவளே ஒரு பஞ்சாங்கம். விழுந்ததெல்லாம் ஒரே குழியில்தான். இரண்டு வாக்கியங்களை எந்தச் சொல்லால் இணைப்பது என்று கேட்பார்களே, அந்தப் பகுதி.

அதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் மொழியில் 'கோன்' என்று ஒரு சொல். மேயர் வந்தால் என்பதற்கும் அதுதான், மேயர் வரும்போது என்பதற்கும் அதுதான். வருவாரா மாட்டாரா என்கிற கவலையைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருப்போம். இங்கிலீஷ்காரன் விடமாட்டான். நிச்சயமா சந்தேகமா, இஃப்பா வென்னா, முதலில் அதைச் சொல் என்று கழுத்தில் துண்டைப் போடுவான். அப்புறம் வாக்கியத்தின் தலையில் ஒரு ஆல்தோ வைத்தால், நடுவில் ஒரு பட்டும் வைத்தால்தான் எங்களுக்கு மனசு நிறையும். அங்கே இரண்டில் ஒன்றுதான் அனுமதி.

ஜனவரியில் மன்றச் செயலாளர் ஓய்வு பெற்றார். துணை மேயர் கொன்சோர்சியா பெலாயெஸ் லுடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவைக்குத் தலைவர் அந்த அம்மாள்தான், ஊரே அவரை வைஸ் என்றுதான் கூப்பிடும்.

"நாற்காலி உனக்குத்தான்னு நான் நெனச்சுட்டேன், இண்டாய்," என்றார், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லோடு. "ஆனா தேர்வு தேறாதவள உக்கார வச்சா மேலிடத்துல கையெழுத்து விழாது. மார்ச்சுல எழுது. மே மாசம் ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் எப்படியாவது இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

ஆகாது என்பதற்குக் காரணம் ஹிலாரியோன் பன்டோஹா. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்துவிட்டு மன்ற உறுப்பினர் ஆனவர். அவருடைய தம்பி மகன் கிளாரோ சட்டம் படித்தவன், தேர்வை முதல் தடவையிலேயே ஊதித் தள்ளியவன். அவனைச் செயலாளர் ஆக்கவேண்டும் என்று சார் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். கிளாரோ வந்தால் மினிட்ஸ் எழுதவும் தன் ஆளைக் கூட்டி வருவான். ஜூனில் லுடியின் காகிதம் காலாவதியாகும்போது புதுப்பிக்க ஒரு காரணமும் இருக்காது. செயலாளர் நாற்காலி, இல்லையென்றால் தெரு. நடுவில் அவளுக்கு வேறு இடமே இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவரும் பன்டோஹா சாரேதான். சனிக்கிழமைகளில் நகராட்சி ஊழியர்களுக்கு மன்றக் கூடத்தில் இலவச வகுப்பு நடத்துவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தப்பான இங்கிலீஷைக் கண்டால் அவருக்குப் பல் வலிக்கும், அவ்வளவுதான். இணைப்புச் சொற்களுக்கு மட்டும் பலகையில் முப்பத்திரண்டு விதிகள் எழுதிப்போட்டிருந்தார்.

"இங்க ஏன் அன்லெஸ் போட்ட, இண்டாய்?" என்று கேட்டார் ஒரு சனிக்கிழமை.

"தோணுச்சு, சார்."

"தோணுச்சா. தோணுறதுக்கெல்லாம் மார்க் உண்டுன்னா வயல்ல நிக்கிற எருமை நம்ம எல்லாருக்கும் முன்னாடி பாஸ் பண்ணிடும். விதி எத்தனாவது?"

லுடிக்கு விதி எத்தனாவது என்று தெரியவில்லை. பின்வரிசையில் மின்விசிறிக்காக உட்கார்ந்திருந்த வாயிற்காவலர் ஓஸ்டிங் மட்டும், எருமைக்கு விண்ணப்பப் படிவம் யார் நிரப்புவது என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று லுடி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் வாரா வாரம் ஒரே இடத்தில் குட்டுப்பட்டால் மண்டை வீங்கத்தானே செய்யும்.

முப்பத்திரண்டையும் உருப்போட்டாள். சோறு வடிக்கும்போது, துணி உலர்த்தும்போது, ஜீப்னி வண்டியில் தொங்கிக்கொண்டு வரும்போது விதி சொன்னாள். கணவன் ரோமியோ கடற்கரையில் படகுக்குப் பலகை அறைகிறவன். ஒருநாள் அவன் உப்பைக் கேட்டதற்கு, பதினேழாவது விதி என்று பதில் சொன்னாள். உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்த அந்த மனுஷன், இந்தத் தடவை போனால் ஏழோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னான்.

தேர்வு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலோய்லோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். உட்காரும் இடம் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி. ஸ்பெயின்காரன் காலத்தில் எவனோ ஒரு அதிகாரி ஊருக்கு ஒரு எழுத்தாகக் குடும்பப் பெயர்களைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனானாம். எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் 'பி' விழுந்தது. ஆகவே லுடி அறைக்குள் நுழைந்தபோது பாதி பினாங்கவான் அங்கே உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடைப் பாமா இருந்தாள், போலீஸ்காரன் பாஸ்ட்ரானா இருந்தான், நகர்மன்ற உறுப்பினர் பியாமொன்டேயின் தம்பி இருந்தார். யாரோ கடலை மிட்டாய்கூட நீட்டினார்கள். தோற்றால் ஊருக்குத் தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கணக்கு ஓடியது. பொது அறிவு ஓடியது. நாற்பத்தோராவது கேள்வியில் வண்டி நின்றது.

கடைக்காரர் சாமானை அனுப்பமாட்டார், ஒரு கோடு, வாடிக்கையாளர் முன்பணம் கட்டுகிறார். கோட்டில் என்ன வரும்? கீழே நான்கு சொற்கள். பதினொன்றாவது விதியா, பத்தொன்பதாவதா? இரண்டும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. யார் இந்தக் கடைக்காரர்? என்ன சாமான்? தேர்வுத்தாளில் வருகிற வாக்கியங்களுக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை, அநாதைகளாக வந்து வரிசையில் நிற்கும். ஆறு தடவையும் அவள் இவற்றின் முன்னால்தான் திகைத்து நின்றாள். பத்து நிமிஷம் போயே போய்விட்டது.

அப்போது பின்னாலிருந்து பியாமொன்டேயின் தம்பி தொண்டையைச் செருமினார். அது அவர்கள் குடும்பச் செருமல். மூன்று தட்டு, நடுவில் ஒரு இழுப்பு. மன்றத்தில் அண்ணன் பியாமொன்டே மிரட்டப் போகிறார் என்பதற்கு முன்னறிவிப்பு அதுதான். எங்க தெருப் பாலத்தைக் கட்டாம உங்க பட்ஜெட்டுக்கு இந்தக் கை தூக்காது, என் செல்லங்களா, என்று தேன் ஒழுகச் சொல்வார். லுடியின் கை பழக்கத்தில் தானே எழுதப் போயிற்று. அன்லெஸ். பதினாறு வருஷத்தில் அந்த மனிதருக்காக மட்டும் ஒரு ஆயிரம் அன்லெஸ் எழுதியிருப்பாள்.

அவள் கேள்வியை மறுபடி பார்த்தாள். கடைக்காரர் வேறு யாருமில்லை, பியாமொன்டேதான். முன்பணம் வந்தால் சாமான், வராவிட்டால் கை தூக்காது. வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள். நகைக்கடை வைத்திருக்கிற உறுப்பினர் பூரெசா அம்மாள் யாரையும் வெட்டுவதற்கு முன்னால் மாலை போடுவார். நல்ல திட்டம், அருமையான திட்டம், எனக்கு உடன்பாடில்லை என்பார். அது ஆல்தோ, சந்தேகமே வேண்டாம். மேயர் வருவாரா என்று கேட்டால் வைஸ் ஒருபோதும் இஃப் போட்டுப் பேசியதில்லை, வருவார் என்று தெரிந்தால்தான் வாயைத் திறப்பார். வென் வருகிற கேள்விகளையெல்லாம் அவரிடம் கொடுத்தாள். எதையும் செய்யாமல் காத்திருக்கிறவருக்கு ஒன்று, செய்யாததற்குக் காரணம் வைத்திருக்கிறவருக்கு ஒன்று. வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நாற்காலியில் போய் உட்கார்ந்து, பழகின முகத்தோடு பேச ஆரம்பித்தன. பேச்சு வந்தவுடன் என்ன எழுதுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அவளிடம் கொல்லை நிறைய நிஜச் சுரைக்காயே காய்த்துக் கிடந்திருக்கிறது, இத்தனை நாள் பறிக்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் வாசலில் ஓஸ்டிங் கேட்டபோது, விதி ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை என்று உண்மையைச் சொன்னாள். அவர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, ஆறுதலுக்கு இலையில் சுற்றி அவித்த இபோஸ் பலகாரம் ஒரு பொட்டலம் வாங்கித் தந்தார். லுடிக்கும் நிச்சயமில்லை. தேர்வு அறையில் இருந்த தெம்பு வீட்டுக்கு வந்ததும் இறங்கிவிட்டது. தோன்றியதையெல்லாம் எழுதிவிட்டு வந்திருக்கிறோமே, எருமையும் அதைத்தானே செய்யும் என்று தூக்கம் வராமல் கிடந்தாள்.

மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை பன்டோஹா சார் பொறுமை இழந்தார். ரிசல்ட் இன்று வரும், நாளை வரும் என்று வைஸ் அவருடைய தீர்மானத்தை மூன்று கூட்டங்கள் தள்ளிப்போட்டிருந்தார். இனி தள்ளமுடியாதபடி தீர்மானம் பட்டியலில் முதலாவதாக ஏறிவிட்டது. ஜெபம் முடிந்தது, வருகைப் பதிவு முடிந்தது. சார் எழுந்தார். லுடி பேனாவைத் திறந்தாள். தன் கழுத்துக்குக் கயிறு முறுக்கப்படுவதைத் தானே குறிப்பெடுக்க வேண்டிய வேலை உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"லுடி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றார் சார், தாலாட்டுப் பாடுகிற குரலில். "தங்கமான பொண்ணு. பதினாறு வருஷ உழைப்பு. ஆறு தடவ எழுதியாச்சு, தேறல. இந்த ஊரோட சட்டதிட்டமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. இங்கிலீஷ்ல தேறாத கையில அத ஒப்படைக்கலாமா? இரக்கம் வேற, நிர்வாகம் வேற."

துண்டு துண்டாகத்தான் சொன்னார். எப்படி ஒட்டுவது என்பது லுடியின் கையில் இருந்தது. அவள் நினைத்திருந்தால் ஒரு சின்னச் சொல்லை இடம் மாற்றி வைத்து அந்தப் பேச்சின் பல்லைப் பிடுங்கியிருக்கலாம், படிக்கிற யாருக்கும் தெரிந்திருக்காது. கை ஒரு நொடி நின்றது. பிறகு அவர் என்ன கேட்கிறாரோ அதையே எழுதினாள், அவர் சொன்னதைவிடத் தெளிவாகவும், அவர் சொன்னதைவிட வலுவாகவும். அவளுக்கு எதிரான வாதம் அதைவிட நல்ல இங்கிலீஷில் வேறு எங்கும் எழுதப்பட்டிருக்க முடியாது. கண் கலங்கி எழுத்து மங்கியது. ஆனாலும் ஒரு காற்புள்ளியைக்கூட அவள் விடவில்லை.

வாசலில் ஓஸ்டிங் வந்து நின்றார். கொடிக்கம்பத்து மேடையில்தான் கைப்பேசிக்கு நன்றாகச் சிக்னல் கிடைக்கும். காலையிலிருந்து அந்த மேடையிலேயே நின்றவர், இப்போது மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். லுடி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்து ஒரு பயனும் இல்லை, சாவு வீட்டிலும் அதே சிரிப்பைத்தான் வைத்திருக்கிற மனிதர்.

"வைஸ், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

"நான் பேசிட்டு இருக்கேன்," என்றார் பன்டோஹா. "அவைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு."

ஓஸ்டிங் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு அப்படியே நின்றார். சார் கிளாரோவின் படிப்பைப் பற்றிப் பேசினார், நடத்தையைப் பற்றிப் பேசினார், கையெழுத்தைப் பற்றிக்கூடப் பேசினார். லுடி எல்லாவற்றையும் எழுதினாள். ஒருவழியாக அவர் உட்கார்ந்ததும், வாக்கெடுப்புக்கு விடுவதற்குப் பதிலாக வைஸ் வாசல் பக்கம் திரும்பினார்.

"காவலர் அகஸ்டின் பிராடோ பேச அவைத் தலைவரா நான் அனுமதி தர்றேன். சொல்லுங்க, நோங்."

தன் முழுப்பெயரையும், அண்ணே என்கிற அந்த 'நோங்'கையும் கேட்டதும் ஓஸ்டிங் ஒரு அங்குலம் வளர்ந்தார். "மாண்புமிகு தலைவர் அவர்களே," என்று இங்கிலீஷில் தொடங்கினார். அதற்குமேல் இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. "ரிசல்ட் வந்துடுச்சு, வைஸ். நம்ம ஊரே வரிசையா நிக்குது. மருந்துக்கட பாமா இருக்கா. போலீஸ்காரன் பாஸ்ட்ரானாகூட இருக்கான், அதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியல. ரெண்டு பேருக்கும் நடுவுல, பார்கோன், லுதிவினா."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. லுடியின் பேனா காகிதத்தில் ஊன்றியபடி நின்றுவிட்டது. அந்த இடத்தில் மை ஊறி ஒரு பொட்டு பெரிதாகிக்கொண்டே போயிற்று.

பன்டோஹா சார் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பட்டியலைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இந்த ஊர்ல ரெண்டு லுதிவினா பார்கோன் இருக்காங்க," என்றார். "மீன் சந்தையில ஒருத்தி இருக்கா."

"அவ எதுக்கு சார் பரீட்சை எழுதப் போறா? சம்பாத்தியம் நம்மள விட நல்லாவே இருக்கு," என்றார் பியாமொன்டே.

"சரிபார்க்காம எப்படி ஒத்துக்கிறது? தேர்வு நம்பரச் சொல்லச் சொல்லுங்க."

சொல்ல வேண்டியவளுக்கு அந்த அவையில் வாய் கிடையாது. அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது போலிருந்தது. வைஸ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சுத்தியலை ஒரு தட்டுத் தட்டினார்.

"திருமதி லுதிவினா பார்கோன் பேச அவைத் தலைவரா நான் அனுமதி தர்றேன்."

லுடி எழுந்தாள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்த உயரத்திலிருந்து மட்டுமே அவள் எல்லாரையும் பார்த்திருந்தாள். நின்று பார்த்தால் பியாமொன்டேக்கு உச்சியில் வழுக்கை விழுந்திருப்பது தெரிந்தது. ஆறு இலக்கம், ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவதில் விரல் நின்றது.

"சரியா இருக்கு," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு தலைமையாசிரியர் மிடுக்கோடு எழுந்து, தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். வைஸ் அதற்காகவே காத்திருந்தவர் போல, செயலாளர் பதவிக்கு லுடியின் பெயரை முன்வைத்துக் கையுயர்த்தக் கேட்டார். முதலில் உயர்ந்தது பியாமொன்டேயின் கை, பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். கடைசியாக உயர்ந்தது சாரின் கை. உயர்ந்ததும் நன்றாக நேராக நின்றது. வாசலில் ஓஸ்டிங்கும் கையைத் தூக்கியிருந்தார், அதை யாரும் எண்ணவில்லை.

"எழுந்தது எழுந்தாச்சு," என்றார் வைஸ். "பேசு, இண்டாய். எப்படித் தேறினேன்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

லுடி பேச வாயெடுத்தவள் நிறுத்திவிட்டுத் தன் மேஜையைப் பார்த்தாள். நோட்டு திறந்து கிடந்தது, பேனா அதன்மேல் கிடந்தது, நாற்காலி காலியாக இருந்தது. அவையில் பேசுவதெல்லாம் மினிட்ஸில் ஏற வேண்டும். அவள் பேசினால் யார் எழுதுவது? பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூரெசா அம்மாள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

பன்டோஹா சார் தன் இடத்தை விட்டு எழுந்துபோய் லுடியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அது குட்டையான நாற்காலி, முழங்கால் மேஜையில் இடித்தது. பேனாவை எடுத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ம்," என்றார்.

லுடி சொன்னாள். கேள்விகளை ஒவ்வொருவருக்காகப் பிரித்துக் கொடுத்ததைச் சொன்னாள். கடைக்காரர் பியாமொன்டேதான் என்றதும் கூடம் குலுங்கிச் சிரித்தது, பியாமொன்டே அந்தக் குடும்பச் செருமலைச் செருமிக் காட்டினார். சாருக்கு எந்தக் கேள்வியைக் கொடுத்தாய் என்று வைஸ் கேட்டார். எது ரொம்பக் கஷ்டமாக இருந்ததோ அதையெல்லாம் சாரிடம்தான் கொடுத்தேன், அவர் வாயில் ஒன்றுகூடத் தப்பாகாது என்றாள் லுடி. அவள் முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. சார் தலையைத் தூக்காமல் எழுதினார், காது மடல் மட்டும் சிவந்தது.

"மெதுவா, இண்டாய், மெதுவா. இவ்வளவு வேகத்துல எப்படித்தான் எழுதினியோ." எழுதி முடித்ததைச் சத்தமாக வாசித்தார். வாசித்தவர் தமக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை வாசித்தார். ஆல்தோ ஆறு முறை தோல்வியுற்றார், திருமதி பார்கோன் ஏழாம் முறை தேர்ச்சி பெற்றார். ஒரு பட் கூட மிகையாக இல்லை, அப்பழுக்கற்ற வாக்கியம்.

"அங்க ஆல்தோ வேண்டாம், சார்," என்றாள் லுடி.

சார் நிமிர்ந்தார்.

"அந்த ஆறு தடவையும் விழாம இருந்திருந்தா, நான் எப்பவோ நிரந்தரமாகி வேற மேஜைக்குப் போயிருப்பேன், பதினாறு வருஷம் இங்க உக்காந்திருக்க மாட்டேன். உங்க எல்லார் பேச்சும் என் கையில ஏறியிருக்காது. பிகாஸ் போடுங்க."

"எத்தனாவது விதி?" என்று கேட்டார் சார். பழக்கதோஷம்.

"விதி தெரியாது, சார். பேசுறவ நான். நான் சொல்ல வந்தது அதுதான்."

சார் முதல் சொல்லை அடித்துவிட்டு, மேலே பிகாஸ் என்று தெளிவாக எழுதினார். மன்றத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் இன்றும் அது அப்படியே இருக்கிறது. நோட்டை நேராக வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோய்க் காத்திருந்தார்.

லுடி உட்காரவில்லை. சந்தைக்கட்டட ஒப்பந்தத்தின் தேதியிலிருந்து தொடங்கினாள்.